விக்டோரியா காலத்துத் துப்பறியும் கலை

இக்காலத் துப்பறிவாளர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, விக்டோரியா அரசியார் காலத்துக் கொலையொன்றை ஆராய நேர்ந்தால் என்னாகும்? இக்கற்பனையினின்றும் எழுந்ததே, கனடா நாட்டு எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய நாவல் வரிசை. வான்கூவர் நகரத்துப் பெண் துப்பறிவாளர் ஒருத்தி, 1869ஆம் ஆண்டு எடின்பரோ நகரிலே, ஒரு பணிப்பெண்ணின் உடலிற் கண்விழிக்கிறாள். அவளிடம் இக்கால அறிவு உண்டு. அவ்வறிவுக்கேற்ற கருவிகள் இல்லை.

கதை கற்பனையே, எனினும் அது காட்டும் இடர் வரலாற்று உண்மையாகும். லண்டன் மாநகரப் போலீஸ் படை 1829இல் தோன்றியது. துப்பறிவதற்கெனத் தனிப்பிரிவு 1842இல் எண்மரைக்கொண்டு அமைந்தது. நஞ்சாகிய ஆர்செனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836இலேயே வந்துவிட்டது. ஆயினும், ஒரு கறை மனித இரத்தமா விலங்கின் இரத்தமா என்று பிரித்தறியும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஊலன்ஹூத் கண்டது 1901இலேதான். ஸ்காட்லாந்து யார்டில் கைரேகை நிலையம் அமைந்ததும் அவ்வாண்டிலே. அதற்கு முன்னோடியாக 1897இலேயே கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கருவிகள் இல்லாத காலத்தில் உண்மையை உணர்ந்தவன் பட்ட பாட்டிற்கு ரோட் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த கொலையே சான்று. 1860 ஜூன் 29ஆம் நாள் இரவு, சாமுவேல் கென்ட் என்னும் கனவானின் மூன்று வயது மகன் படுக்கையினின்றும் காணாமற் போனான். மறுநாள், கழுத்தறுக்கப்பட்ட அவனுடல் வீட்டுப் புறத்தேயுள்ள கழிப்பிடத்திற் கிடந்தது. உள்ளூர்ப் போலீசார் செவிலிப்பெண்ணை ஐயுற்றனர். லண்டனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் விச்சரோ, சலவைக் கணக்கைப் பார்த்தார். கனவானின் முதல் தாரத்து மகளாகிய பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸின் இரவாடையொன்று குறைவதைக் கண்டு அவளைக் கைது செய்தார்.

ஆடை அகப்படவில்லை, அவள் விடுதலை பெற்றாள். தோட்டக்காரன் மகன் ஒரு கனவானின் மகளைக் கொலைகாரியென்பதா என்று பத்திரிகைகள் சீறின. மனமும் உடலும் நலிந்த விச்சர் 1864இல் பணியினின்றும் விலகினார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்! மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பெற்று, 1885இல் வெளிவந்த அவள், ஆஸ்திரேலியாவிலே தாதியாகப் பணிபுரிந்து, 1944இல் நூறாம் வயதில் மறைந்தாள். கறைபட்ட இரவாடையைத் துப்பாகக்கொண்டு வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலிலே இவ்வழக்கின் சாயல் தெளிவாகவே உண்டு.

ரோட் வீட்டில் இல்லாதிருந்தது அறிவியல் மட்டுமன்று. கொலை நடந்த மறுநாளே, சமையற்கட்டுக் கொதிகலன் அடுப்பினுள் இரத்தக்கறை படிந்த உள்ளாடையொன்று உள்ளூர்ப் போலீசாருக்குக் கிடைத்தது. அதனைக் காக்கத் தவறிய அவர்கள், செய்தியை விச்சரிடமும் மறைத்தனர். நுண்ணிய கருவிகள் அனைத்தும் அன்றே இருந்திருப்பினும், தொலைந்த துணியை எக்கருவி சோதிக்கும்? செவிலிப்பெண் எளியவளாதலின் ஐயம் அவள்மேல் எளிதில் விழுந்தது. கனவானின் மகள்மேல் விழுந்த ஐயமோ ஐயுற்றவனையே வீழ்த்தியது. காலங்கடந்து செல்லும் கதைத் துப்பறிவாளர்கள் அக்காலத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டிய முதற்பொருள் கைரேகைச் சாயமன்று. ஆள் பாராது சான்று பார்க்கும் நடுவுநிலைமையேயாம்.