பீறிடல் தடுப்பான்: கடலடிக் கிணற்றை மூடும் கருவியின் வரலாறு

எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும்போது பூமிக்குள்ளிருந்து கட்டுக்கடங்காமல் மேலேறும் அழுத்தத்தை அடைத்து நிறுத்தும் கனத்த வால்வுத் தொகுதி பீறிடல் தடுப்பான் எனப்படும். துறையினர் சுருக்கமாக பி.ஓ.பி. என்பார்கள். மிதக்கும் ரிக்கிலிருந்து தோண்டும் கிணறுகளில் இது கடல்தரையில், கிணற்றுத் தலையின்மேல் பொருத்தப்படுகிறது. இதன் வரலாற்றைப் பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் திறன் ஏறிக்கொண்டே போன கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். குழாயைச் சுற்றி மூடுவதற்காகப் பிறந்த இந்தக் கருவியின் தலையில், குழாயை வெட்டுவது, ரிக்கை விட்டு கிணற்றைத் துண்டிப்பது ஆகிய வேலைகளும் பின்னாளில் ஏற்றப்பட்டன. சோதனை முறைகள் மட்டும் நெடுங்காலம் முதல் வேலையோடு நின்றுவிட்டன. பெரிய விபத்துகள் பலவற்றுக்கு இந்த இடைவெளியே வழிவிட்டது.

1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் பீறிட்ட எண்ணெயை அடக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்தக் காலத்தில் இத்தகைய பீறிடல் செல்வத்தின் அறிகுறியாகக் கொண்டாடப்பட்டது. எண்ணெய் வீணாவதும் ஆட்கள் சாவதும் தொழிலின் செலவுக் கணக்கில் சேர்ந்தன. 1922-ல் ஜேம்ஸ் ஆபர்குரோம்பி, ஹாரி கேமரன் இருவரும் ஹூஸ்டன் வட்டாரத்தில் முதல் ராம் வகைத் தடுப்பானை உருவாக்கினார்கள். இரு பக்கமிருந்தும் இரும்புக் கட்டைகள் நகர்ந்து வந்து குழாயை இறுக்கிப் பிடிக்கும். அது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் வரை தாங்கியது. குழாயின் அளவுக்கு ஏற்ற ராம்தான் அந்தக் குழாயை அடைக்கும் என்பது அதன் குறை. கிரான்வில் நாக்ஸ் 1946-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வளைய வகைத் தடுப்பான் அதைத் தீர்த்தது. அதிலுள்ள தடித்த ரப்பர் வளையத்தை பிஸ்டன் நெருக்கும்போது, நடுவில் எந்த அளவுக் குழாய் இருந்தாலும் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். இன்றைய தடுப்பான்களில் இவ்விரு வகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன.

1960-களில் மிதக்கும் ரிக்குகள் பரவியதும் நிலைமை மாறியது. ரிக் அலையில் ஆடும், இடம் பெயரும், கிணறு நகராது. ஆகவே அவசரத்தில் குழாயை வெட்டி, கிணற்றை மூடி, ரிக்கைக் கழற்றிவிட வேண்டிய தேவை பிறந்தது. கிணற்றின் விளைச்சலைச் சோதிக்கும்போது தடுப்பானுக்குள்ளேயே இறக்கப்படும் கடலடிச் சோதனை மரம் இங்கே ஒரு நல்ல சான்று. அது வால்வுகளும் கழற்றும் பூட்டும் கொண்ட குழாய்த்தொகுதி. எண்ணெய் அதன் வழியே ரிக்குக்கு ஏறும். தடுப்பானின் ராம்கள் அதன் வழவழப்பான பகுதியைச் சுற்றி மூடியிருக்கும். ரிக் இடம்விட்டு நகரத் தொடங்கினால் வால்வுகள் அடைபட்டு, பூட்டு கழன்று, மேல்பகுதி சில வினாடிகளில் விலகிவிடும். பூட்டுக்கு மேலேயுள்ள இன்னொரு வால்வு, விலகும் குழாயில் மிஞ்சிய எண்ணெய் கடலில் கொட்டாமல் பிடித்துக்கொள்ளும். அதுவும் கைகொடுக்காவிட்டால் வெட்டுவதற்கென்றே ஒரு துண்டு வெட்டும் ராமுக்கு எதிரே வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். வெட்டும் ராமின் கத்தி வலிமை உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. துளையிடும் வேலையில் அந்தச் சலுகை கிடையாது. குழாய்த்தொடரின் தடித்த மூட்டுகளும் கனத்த காலர்களும் தடுப்பான் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

1979 ஜூன் 3 அன்று மெக்சிகோவின் காம்பீச்சி வளைகுடாவில் இஸ்தோக் 1 கிணற்றில் நடந்தது இதுவே. குழாய்த்தொடரை மேலே இழுக்கும்போது பீறிடல் தொடங்கியது. தடுப்பானுக்குள் அப்போது இருந்தவை கனத்த காலர்கள். ராம்களால் வெட்ட முடியவில்லை. கிணறு 1980 மார்ச் 23 வரை ஓடியது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1969 ஜனவரி 28-ல், கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்பகுதியில் கதையே வேறு. அங்கே தடுப்பான் மூடியது. ஆனால் உறைக்குழாய் போதிய ஆழத்துக்கு இறக்கப்படாததால் எண்ணெய் பக்கவாட்டில் பாறைப் பிளவுகள் வழியாகக் கடல்தரையைக் கிழித்து வெளியேறியது. மேலே மூடினால் கிணறு அடங்கிவிட்டது என்று பொருளில்லை.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணறு 11 பேரைக் கொன்றபோது இந்த எல்லாக் குறைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. விபத்துக்குச் சில மணி நேரம் முன்பு, கிணற்றின் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, அடியிலிருந்து எதுவும் ஏறி வருகிறதா என்று பார்த்தார்கள். துளைக்குழாயில் அழுத்தம் 1,400 பவுண்டில் நின்றது, பூஜ்யமாக வேண்டியது. அதற்கு வேறு விளக்கம் சொல்லப்பட்டது, சோதனை வெற்றி என்று ஏற்கப்பட்டது. பிறகு கிணறு வெடித்ததும், தடுப்பானில் குழாய் வளைந்து ஓரத்தில் நின்றதால், வெட்டும் ராமால் முழுதாக வெட்டி அடைக்க முடியவில்லை. அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் 2014 அறிக்கை காட்டும் ஒரு விவரம் கவனத்துக்குரியது. தடுப்பானை இயக்கும் நீலம், மஞ்சள் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரண்டிலும் கம்பி இணைப்பு தவறாக இருந்தது. நீலப் பெட்டி பேட்டரி வடிந்து செயலிழந்தது. மஞ்சள் பெட்டியில் வெட்டும் ராமை இயக்கும் ஒரு வால்வின் இரு சுருள்கள் ஒன்றையொன்று எதிர்க்கும்படி இணைக்கப்பட்டிருந்தன. வேறொரு பேட்டரி வடிந்து ஒரு சுருள் இயங்காததால்தான் மற்றது வால்வைத் திறந்தது என்பது வாரியத்தின் முடிவு. ஒரு பழுதை இன்னொரு பழுது சரிசெய்திருக்கிறது! வழக்கமான சோதனைகள் இவற்றில் எதையும் காட்டவில்லை.

இதற்கு மறுப்பு இருக்கிறது. பிழை மனிதர்களுடையது, கருவியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பார்கள். உண்மைதான், மகோண்டோவில் தவறான முடிவுகள் முதலில் எடுக்கப்பட்டன. ஆனால் கடைசிக் காவலாக வைக்கப்படும் கருவி, மற்றவை எல்லாம் தவறிய பிறகு வேலை செய்யத்தானே இருக்கிறது? இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஆயிரக்கணக்கான கிணறுகளில் இந்தத் தடுப்பான்கள் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கின்றன. அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த வெற்றிகளில் பெரும்பாலானவை, அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே ராமை மூடி, கனத்த துரப்பணச் சேற்றை இறைத்து அடக்கியவை. வேகமாகப் பாய்ந்தோடும் கிணற்றில், வளைந்த குழாயை வெட்டி அடைக்க முடியும் என்பதற்கு அவை சான்றாகா. 2002-ல் அமெரிக்க அரசுக்காக நடந்த ஓர் ஆய்வு, கடலடி அழுத்தத்தையும் கணக்கில் கொண்டால், பார்த்த 14 ரிக்குகளில் மூன்றின் ராம்களே குழாயை வெட்டவல்லவை என்று உறுதிப்பட்டதாகச் சொன்னது. மகோண்டோவுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே கிடைத்த எச்சரிக்கை அது.

மகோண்டோ 2010 ஜூலை 15-ல், 87 நாள்களுக்குப் பிறகு, தடுப்பானுக்கு மேலே இறக்கிய புதிய மூடித்தொகுதியால் அடைக்கப்பட்டது. அத்தகைய மூடிகளைத் தயாராக வைத்திருக்கத் தனி நிறுவனங்களே இப்போது உள்ளன. தடுப்பான்கள் குறித்த, அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் 53-ஆம் ஆவணம் 2012-ல் பரிந்துரையிலிருந்து தரநிலையாக உயர்த்தப்பட்டது. குழாய் முழுவதையும் கத்தியின் வெட்டுப்பரப்புக்குள் கொண்டுவரும் வசதி வெட்டும் ராமுக்கு இருக்க வேண்டும் என்று 2016 ஏப்ரலில் அமெரிக்க அரசு விதித்தது. அதை நிறைவேற்றப் பல ஆண்டு அவகாசமும் கொடுத்தது.