ஊவாத் தோட்டங்களும் வானூர்திக் கல்வியும்

பதுளைக்குப் புகைவண்டி வந்த ஆண்டு 1924. எல்லவிலிருந்து இறங்கிவரும் இருப்புப்பாதை தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் மலையை ஒருமுறை சுற்றி வளைந்து, அந்த நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தினூடாக மீண்டும் வெளிப்படுகின்றது. மலைச்சரிவை வெல்வதற்குப் பொறியியலாளர் கண்ட உபாயம் அது. அத்துணை நுட்பமான கலை ஊவாவுக்கு வந்தது பெரிதும் தேயிலையின் பொருட்டு. பாதையோரத்து லயங்களிற் பிறந்த பிள்ளைகளும் அக்கலையைக் கற்கலாம் என்பது ஆட்சியாளர் சிந்தையில் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தாரிடம் விட்டது. பத்து வயதுக்கு மேல் அப்பிள்ளைக்குக் காத்திருந்தது கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோதான்.

அத்தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், மண்டபம் முகாமில் மருத்துவ சோதனை முடிந்த தொழிலாளர் கடற்பாலத்தைக் கடந்து, இராமேசுவரத் தீவின் வழியே தனுஷ்கோடிக்குச் சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். அவர்களிற் பலர் பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களைச் சேர்ந்தனர். இந்திய அரசு இந்த ஆளனுப்பலை 1939ஆம் ஆண்டிலே தடைசெய்தது.

அப்பொழுது இராமேசுவரத்தில் எட்டு வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் இருந்தான். உலகப் போர்க்காலத்தில் ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாட்கட்டுகளைப் பொறுக்கி வீடுதோறும் கொடுத்துக் காசு சம்பாதித்தவன் அவன். பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களே அச்சிறுவன். வறுமையும் மொழியும் அவருக்கும் லயத்துப் பிள்ளைக்கும் பொதுவானவை. இருவரையும் தொட்டுச் சென்ற தண்டவாளமுங்கூட ஒன்றே. ஆயினும் கலாமுக்கு இராமநாதபுரத்தில் உயர்தரப் பள்ளி இருந்தது. திருச்சியில் புனித சூசையப்பர் கல்லூரி இருந்தது. அங்கே 1954ஆம் ஆண்டிற் பௌதிகத்திற் பட்டம் பெற்றார். அதற்கப்பாலும் ஒரு வாயில் திறந்திருந்தது.

அவ்வாயில் சென்னைக்கு அருகே குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகம். சி. இராஜம் என்னும் செல்வர் தம் மாளிகையை விற்று 1949ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். விஞ்ஞானப் பட்டதாரிகளைச் சேர்த்து, வானூர்திப் பொறியியல் முதலிய புதுத் துறைகளை அங்கே கற்பித்தனர். அனுமதிக் கட்டணத்துக்கு ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அடகு வைக்கத்தக்க தங்கமும் அதனைக் கழற்றித் தரும் தமக்கையரும் ஊவாத் தோட்டங்களிலும் இருந்தனர். அப்பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவதற்கு ஓர் இடமே இல்லாதிருந்தது.

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் வரம்புக்குப் புறத்தே நின்றன. மூன்றாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1950ஆம் ஆண்டிற் கொழும்பிற் பொறியியற் பீடத்தைத் தொடங்கி, 1964ஆம் ஆண்டில் அதனைப் பேராதனைக்கு மாற்றியது. பதுளைப் புகைவண்டி பேராதனைச் சந்தியினூடாகவே செல்கின்றது! அதே 1964ஆம் ஆண்டில் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. பிள்ளை எந்த நாட்டில் வாழும் என்பதே தெரியாத வீட்டில், எந்தப் பீடத்திற் படிக்கும் என்று யார் பேசுவர்?

வானூர்திக் கல்வி ஏனைய கல்விகளைப் போல இடைவழியில் ஏறத்தக்கதன்று. இறக்கையின்மீது காற்று ஓடும் விதம், உடற்பகுதி தாங்கும் பாரம், எந்திரத்தின் உந்துவிசை, பறக்கும்போது நிலைகுலையாது ஆளும் முறை ஆகிய நான்கும் அதன் தூண்கள். நான்கும் கணிதத்தின்மேல் நிற்பவை. ஏழாம் எட்டாம் வகுப்பில் அட்சரகணிதம் நழுவிப் போனால், பின்னர் நுண்கணிதம் கைவராது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புக்கும் ஓராசிரியர் என்றிருந்த தோட்டப் பாடசாலையில், அந்த முதற்கல்லே நாட்டப்படவில்லை. ஆசிரியரைக் குறை கூறுதல் அடாது. தோட்டத் துரையின் ஆணைக்கு உட்பட்டிருந்த அவர், எழுத்தையும் எண்ணையும் காப்பாற்றிக் கொடுத்ததே பெரிது.

1970களின் பிற்பகுதி தொடங்கி அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980ஆம் ஆண்டு யூலை மாதம் கலாம் திட்ட இயக்குநராயிருந்த ஏவுகணை ரோகிணிச் செய்மதியை விண்ணில் நிறுத்தியபோது, ஊவாவிற் பல இடங்களில் இடமாற்றமும் கட்டடமும் பற்றிய பேச்சே நடந்துகொண்டிருந்தது. பின்னர் சுவீடன் நாட்டு உதவியால் வகுப்பறைகள் எழுந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சிய குடியுரிமைச் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்தது. 2005ஆம் ஆண்டிற் பதுளையிலேயே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தோன்றியது.

இன்று இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வானூர்திப் பொறியியலிற் பட்டம் அளிக்கின்றது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இலங்கையர் இருவர் உருவாக்கிய இராவணா-1 என்னும் சிறு செய்மதி, 2019ஆம் ஆண்டு யூன் மாதம் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம்.

பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய தனி ஒதுக்கீடு பதுளைக்கும் உண்டு. ஆனால் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் எடுத்தவருக்கே அவ்வொதுக்கீட்டின் பொறியியல் இடம் பயன்படும். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் பாடசாலையை 1ஏபி என வகுப்பர். கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் முன்னது அரிது, பின்னது மிகுதி. ஆதலால் ஊரிற் கணிதப் பிரிவில்லாத தோட்டத்துப் பிள்ளை, சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு, பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்குவதற்கு ஓர் உறவினர் வீட்டை முதலிற் தேடவேண்டியிருக்கின்றது.