பர்மாவின் தனக்கா

ஐராவதி நதி பாயும் மத்திய பர்மாவில், மழை மேகங்களை அரக்கான் மலைத்தொடர் மேற்கிலேயே தடுத்துவிடுவதால், பங்குனி சித்திரை மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் நிலம் வெடித்துக் கிடப்பதும் வழக்கமாயிருக்க, அந்த வறண்ட பூமியே அவ்வெயிலுக்கு மாற்றான ஒரு விருட்சத்தையும் ஜனங்களுக்கு ஈந்திருக்கிறது. தனக்கா என்று பர்மியர் போற்றும் அம்மரம் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு வறண்ட காடுகளிலும் வளர்வது. மகாவில்வம் என்று சிவ பக்தர்கள் கொண்டாடுவதும் அதுவே. நாம் இலையைப் பறித்து இறைவனுக்கு அர்ச்சித்தோம். பர்மியரோ பட்டையை இழைத்து முகத்தில் தரித்தார்கள்.

இழைக்கும் முறை எளியது. விளிம்பைச் சுற்றி நீர் வடியச் சிறு வாய்க்கால் வெட்டிய வட்டக் கல்லின்மேல் சில துளி நீர் தெளித்து, நாம் சந்தனம் அரைப்பதுபோலவே பட்டையோடு கூடிய கட்டையைத் தேய்க்க, இளமஞ்சள் நிறத்தில் மெல்லிய குழம்பு திரளும். அதைக் கன்னங்களில் வட்டமாகவோ சதுரமாகவோ, சிலர் இலை வடிவமாகவோ தீட்டிக்கொள்ள, ஈரம் உலரும்போது தேகம் குளிர்கிறது. உலர்ந்தபின் சருமத்தின்மேல் ஒரு மெல்லிய படலம் தங்குகிறது. வயலுக்குப் போகும் ஸ்திரீகள் முகம் மட்டுமன்றிக் கைகளிலும் பூசிக்கொண்டு நாற்று நடுவார்கள். குழந்தைகளுக்கும் பூசுவதுண்டு, ஆண்களும் விலக்கல்லர்.

இவ்வழக்கம் எவ்வளவு புராதனமானது என்பதற்கு ஒரு பூகம்பமே சாட்சி சொல்லிற்று. 1930 மே மாதத்தில் பெகு நகரம் அதிர்ந்து, புகழ்பெற்ற ஷ்வேமாதோ பகோடா சரிந்தபோது, இடிபாடுகளை அகற்றியவர்கள் ஒரு தனக்காக் கல்லைக் கண்டெடுத்தார்கள். 1551 முதல் 1581 வரை அரசாண்ட பயின்னவுங் மன்னனின் புத்திரி உபயோகித்த கல் அது என்பது வழிவழியாக வரும் செய்தி. அரசகுமாரியின் அந்தப்புரத்திலும் உழவன் குடிசையிலும் ஒரே பட்டைதான் இழைக்கப்பட்டது என்பதையே நான் இவ்வழக்கத்தின் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

ஐரோப்பாவில் புறஊதாக் கதிர் உண்டென்று ரிட்டர் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்ததே 1801இல்தான். பிரான்ஸ் தேசத்தில் ஷ்யூலர் என்னும் ரசாயன நிபுணர் அம்ப்ர் சோலேர் என்ற வெயில் தைலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1935இல். அத்தைலம் கடற்கரையில் ஓய்ந்து கிடப்போருக்காக உண்டானது. தனக்காவோ வெயிலில் உழைத்தே தீரவேண்டியவர்களின் உடைமையாக அதற்கு முன்பே நெடுங்காலம் வாழ்ந்துவந்தது. அதன் பட்டையிலுள்ள மார்மெசின் என்னும் பொருள் புறஊதாக் கதிரை உட்கொள்ளும் இயல்புடையது என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கூறியது, அந்த உழைப்பாளிகளின் அனுபவத்துக்குக் கிடைத்த அங்கீகாரமேயாகும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு, நெல் வயல்களுக்குக் கூலிகளாகவும் லேவாதேவிக்காரர்களாகவும் கடல் கடந்த தமிழர்கள் பலர் அங்கேயே குடும்பமாக வேரூன்றினர். அவர்கள் வீட்டுப் பெண்களும் மஞ்சளோடு தனக்காவையும் பழகிக்கொண்டனர். 1964ஆம் ஆண்டை ஒட்டி, பர்மாவில் உடைமைகளை இழந்து, அகதிகளாய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களுள் அவ்வழக்கத்தைக் கைவிடாதவர்கள் உண்டு. மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே நகரத்துத் தமிழரிடையேயும் அது இருக்கிறது.

ஷ்வேபோ, ஷின்மதாங் பிரதேசங்களின் கட்டைகளே உயர்ந்தவை என்பது வியாபாரிகளின் மதிப்பீடு. மரம் முதிர முதிரப் பட்டையின் மணமும் குணமும் ஏறும். ஆயினும் இக்காலத்தில் சில ஆண்டுகளே வளர்ந்த இளமரங்களும் வெட்டுண்டு சந்தைக்கு வருகின்றன. டப்பாக்களில் அடைத்த பொடியும் குழம்பும் கல்லின் இடத்தைப் பிடித்து வருகின்றன. ஆகவே, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களில் எங்கேனும் அவ்வட்டக் கல் இன்னும் இருக்குமாயின், அதை எறிந்துவிடாமல் காப்பாற்றி, இழைத்த முறையையும் பூசிய பாங்கையும் மூதாட்டிகள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.