மூன்றே முக்கால் டாலர் கிதார்

கிதார் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது இடுப்பு அகன்ற, மடியில் வைத்தால் பாதி ஆளை மறைக்கிற பெரிய வாத்தியம். கடைகளில் தொங்குவதிலும் பெரும்பாலானவை அந்த ரகம்தான். அதற்கு டிரெட்நாட் என்று பெயர். 1906-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரை எடுத்து வைத்தார்கள். அந்தப் போர்க்கப்பல் வருவதற்கு முன்னால் மிதந்துகொண்டிருந்த சின்னப் படகுகளைப் பற்றியது இந்தப் பதிவு.

கதையை ஜெர்மனியில் தொடங்கலாம். மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊரில் 1796-இல் பிறந்தவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின். தச்சர் குடும்பம். கிதார் செய்கிற உரிமை யாருக்கு என்று அந்த ஊர் வயலின்காரர்கள் சங்கத்துக்கும் மரச்சாமான் தச்சர்களுக்கும் பல வருட வழக்கு. "நாங்கள் கலைஞர்கள், அவர்கள் மேசை நாற்காலி செய்கிறவர்கள்" என்கிற தோரணை வயலின்காரர்களுக்கு. கடைசியில் தீர்ப்பு தச்சர்கள் பக்கம்தான் வந்தது. ஆனால் மார்ட்டினுக்கு அந்த ஊரே வேண்டாம் என்றாகிவிட்டது போல. 1833-இல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். பிழைப்புக்காக ஊர் மாறியவர், ஆக நம்ம கட்சி :-)

அவர் கிதார்களுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட உடம்பு சிறுக்கும். 1850களில் அவர் செய்த பெரிய கிதார்களில் ஒன்று ஒன்றாம் நம்பர். அதன் அகலமான பாகமே சுமார் 12¾ அங்குலம்தான். 1931-இல் மார்ட்டின் கம்பெனி தன் பெயரிலேயே விற்க ஆரம்பித்த டிரெட்நாட்டுக்கோ 15⅝ அங்குலம். அன்றைக்கு "பெரிசு" என்றது இன்றைக்குக் குழந்தைகள் கிதார் மாதிரி தெரிகிறது. அப்போது கட்டியது ஆட்டுக் குடல் நரம்பு. வாசித்தது வீட்டுக் கூடத்தில், நாலைந்து பேர் முன்னால். அந்த அளவுக்கு அந்தச் சத்தம் போதும்.

சரி, இதெல்லாம் வசதியுள்ளவர்கள் வாத்தியம். ஏழை கைக்கு எப்படி வந்தது?

தபாலில் வந்தது. மான்ட்கோமரி வார்ட் 1872-இலும், அடுத்து சியர்ஸ் ரோபக்கும், தபால் வழி விற்பனைப் புத்தகங்களை அச்சடித்து கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். கலப்பை, தையல் மெஷின், செருப்பு, கிதார் எல்லாம் அதிலேயே. 1896-இல் கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் தொடங்கியது. தென் மாநிலங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கடைக்குள் கறுப்பர் நுழைந்தால் வெள்ளைக்காரர் எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை ஓரமாக நிற்கவேண்டும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டும். விலைப்புத்தகம் யாருடைய தோலையும் பார்க்காது. காசு அனுப்பினால் சாமான் வரும், அதே விலையில்.

இந்தக் கிதார்களைச் செய்தவை சிகாகோவின் ஹார்மனி, ஜெர்சி சிட்டியின் ஆஸ்கர் ஷ்மிட் மாதிரியான கம்பெனிகள். ஹார்மனியை 1892-இல் ஆரம்பித்தவர் வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ், அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1916-இல் சியர்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஷ்மிட்டின் பெயர்போன முத்திரை 'ஸ்டெல்லா'. 1939-இல் அந்தப் பெயரும் ஹார்மனி கைக்குப் போனது.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? ரோஸ்வுட்டுக்குப் பதில் பிர்ச் மரம், அதன் மேல் விலையுயர்ந்த மரத்தின் ரேகை மாதிரி பெயின்ட். எபனிக்குப் பதில் கறுப்புச் சாயம் பூசிய சாதா மரம். ஓரத்து அலங்காரப் பட்டைகூடப் பல மாடல்களில் தூரிகையால் போட்ட கோடுதான். முக்கியமான சிக்கனம் கண்ணுக்குத் தெரியாது. மேல் பலகைக்கு உள்ளே ஒட்டும் தாங்குகுச்சிகளை மார்ட்டின் குறுக்கும் நெடுக்குமாக, எக்ஸ் எழுத்து மாதிரி அமைத்தார். அதற்கு நேரம் பிடிக்கும், கைத்திறமையும் வேண்டும். மலிவு கிதாரில் ஏணிப் படி மாதிரி நேர் குறுக்கே மூன்று நான்கு குச்சி, அவ்வளவுதான்.

இரும்புக் கம்பி வந்ததும் இந்த ஏணிக்கு வேதனை ஆரம்பித்தது. ஒரு செட் இரும்புக் கம்பி கிட்டத்தட்ட 70 கிலோ எடையில் இழுக்கும். குடல் நரம்போ நைலானோ அதில் பாதிதான். வருடங்கள் போகப் போக மேல் பலகை உப்பும், கழுத்து முன்னால் வளையும், கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். பழைய மலிவு கிதாரை எடுத்து வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஆனால் அந்த ஏணியால் ஒரு நன்மையும் விளைந்தது. ஏணிக் கிதாரின் நாதம் சட்டென்று எழும்பி சட்டென்று அடங்கும். ரீங்காரம் குறைவு, நடுஸ்தாயி தூக்கல். கட்டை விரல் தாளம் போட, மற்ற விரல்கள் மெட்டு வாசிக்கும் ப்ளூஸ் இசைக்கு இது அப்படியே பொருந்திப்போனது. சார்லி பேட்டனின் பழைய படத்தில் இருப்பது ஸ்டெல்லா. 1936, 1937 இரண்டு வருடங்களில் 29 பாட்டு மட்டும் பதிவு செய்துவிட்டு 27 வயதில் இறந்துபோன ராபர்ட் ஜான்சன், ஸ்டுடியோ படத்தில் வைத்திருப்பது சின்ன உடம்பு கிப்சன் எல்-1.

எனக்கு இவர்களை எல்லாம் விடப் பிடித்தவர் எலிசபெத் காட்டன். வட கரோலினாவில் 1893-இல் பிறந்த கறுப்பினப் பெண். அண்ணன் வேலைக்குப் போனதும் அவர் பாஞ்சோவை ரகசியமாக எடுத்து வாசிப்பார். அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது பாஞ்சோவும் போய்விட்டது. அந்தச் சிறுமி வீட்டு வேலைக்குப் போனாள். மாதச் சம்பளம் ஒரு டாலருக்குள். சேர்த்து வைத்து வாங்கிய கிதார் ஒரு ஸ்டெல்லா, விலை 3 டாலர் 75 சென்ட். அவளுக்கு இடது கைப் பழக்கம். மற்றவர்கள் கம்பியை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். இவள் கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். கட்டை விரல் மெட்டு வாசித்தது, ஆள்காட்டி விரல் மந்திரக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டது. 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' என்ற பாட்டை அந்தச் சின்ன வயதிலேயே கட்டினாள். அந்த வாசிப்பு முறைக்கு இன்று 'காட்டன் ஸ்டைல்' என்றே பெயர்.

பிறகு கல்யாணம், குழந்தை. இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கூடாது என்று தேவாலயத்தில் சொல்ல, கிதார் நின்றது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல பத்தாண்டுகள். 1940களில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்ட் சீகர், குழந்தை பெகி. அந்த வீட்டிலேயே சமையலும் வீட்டு வேலையுமாகச் சேர்ந்தார். வீடு முழுக்க நாட்டுப்பாட்டு, சுவரில் கிதார். ஒருநாள் அவர் எடுத்து வாசிப்பதை பெகி பார்த்துவிட்டார். மகன் மைக் சீகர் செய்த பதிவுகள் 1958-இல் இசைத்தட்டாக வந்தன. அதற்கு முந்தைய வருடமே பெகி மூலம் இங்கிலாந்து போன 'ஃப்ரெய்ட் ட்ரெயின்', வேறு ஆட்கள் பெயரில் அங்கே ஹிட்! உரிமைக்காகப் போராடித்தான் பாட்டு அவர் பெயருக்குத் திரும்பியது. 1985-இல் கிராமி, 1987-இல் மறைவு. 2022-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

நம் வீடுகளிலும் கல்யாணத்தோடு வீணையை உறைபோட்டு மூடியவர்கள் எத்தனை பேர்? ஊர் மாறும்போது லாரியில் இடமில்லை என்று விட்டுவந்தவர்கள் எத்தனை பேர்?

இனி மாற்றம் செய்கிற விஷயம். மலிவு கிதாரை யாரும் பூஜை அறையில் வைக்கவில்லை. 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை மோகம் வந்தபோது, கம்பியை உயர்த்த நட் மேல் ஓர் இரும்புத் துண்டை மாட்டி, சாதாக் கிதாரையே மடியில் படுக்கவைத்து வாசித்தார்கள். அந்த வாசிப்பு இந்தியாவுக்கும் வந்தது. ஹவாய் கிதார் வாசித்த டாவ் மோ 1940களில் கல்கத்தாவிலேயே இருந்தார். பிரிஜ் பூஷண் காப்ரா ராகத்தை அதில் கொண்டுவந்தார் (1967-இல் பதிவான 'கால் ஆஃப் த வேலி' கேட்டிருப்பீர்கள்). விஷ்வ மோகன் பட் தரப் தந்திகள் சேர்த்து மோகன வீணை ஆக்கி, 1994-இல் கிராமி வாங்கினார். தேவைப்பட்டவர் கை வைத்தார், வாத்தியம் வளர்ந்தது.

அப்படியானால் எதில் வேண்டுமானாலும் கை வைக்கலாமா? இன்று பழைய ஸ்டெல்லாவை வாங்கி, பலகையைப் பிரித்து, ஏணியை எடுத்துவிட்டு எக்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரீங்காரம் கூடும், உண்மைதான். ஆனால் அந்த வறண்ட ப்ளூஸ் நாதம் போய்விடும். போனால் வராது. என் கட்சி இதுதான்: வாசிக்க விடாமல் தடுப்பதைச் சரி செய்யுங்கள், அதன் குரலை மாற்றாதீர்கள்.

பரண் மேல் ஒரு சின்னக் கிதார் கிடந்தால் இறக்குங்கள். முதலில் எக்ஸ்ட்ரா லைட் கம்பி மாட்டி, ஒரு ஸ்வரம் இறக்கியே சுருதி கூட்டுங்கள், இழுவை குறையும். பிறகு பிரிட்ஜ் மேல் இருக்கும் சாடில், அதாவது வீணையில் குதிரை செய்கிற வேலையைச் செய்வது. பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. ஆகவே அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். அடிப்பக்கத்தைத் தேயுங்கள், பழைய சாடிலைத் தொடாமல் புதிதாக எலும்பில் ஒன்று செய்துகொண்டால் இன்னும் நல்லது. பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். தேய்க்க சாடிலே மிச்சமில்லை என்றால் கழுத்துதான் சாய்ந்திருக்கிறது. அதை மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

செலவு, சில நூறு ரூபாய் கம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். சரி செய்த பிறகு உறைக்குள் போட்டுவிடாமல், வீட்டில் ஒரு காலத்தில் வாசித்துக்கொண்டிருந்து நிறுத்தியவர் யாரோ, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வெளியே வையுங்கள். சீகர் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.