பதினாறு பேரில் பதினோரு பேர்: ஜகார்த்தா 1962

இந்த வாரம் வெள்ளாமைப் பேச்சு இல்லை, பந்துப் பேச்சு.

கடலை பிடுங்கி முடிச்ச எங்க மேட்டுக்காட்டில் ஊர்ப் பசங்க சாயங்காலம் கால்பந்து ஆடறாங்க. அடுத்த மாசம் பக்கத்து ஊரில் ஒரு டோர்னமெண்ட். அதுக்கு யார் டீமில் இருக்கணும், யாருக்கு எந்த இடம்னு இப்பவே தினமும் பஞ்சாயத்து நடக்குது. முந்தாநாள் என் தம்பி மகன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தான். போன தடவை செமி பைனல் வரைக்கும் கோல்கீப்பரா நின்னது அவன். அப்போ கையில் அடிபட்டு உட்கார்ந்திருந்த பழைய கோல்கீப்பர் இப்போ தேறி வந்துட்டான். ஆளும் நல்ல உயரம். கேப்டன் அவனைத்தான் நிறுத்தப் போறானாம்.

"நான் என்ன பெரியப்பா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டான்.

அந்த நேரத்தில் எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ராத்திரி படுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. இதே கணக்கு இந்திய டீமுக்குள்ளேயே ஒரு தடவை வந்திருக்கு. வந்தது சின்ன ஆட்டத்தில் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டியின் பைனலில். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதறேன்.

அப்போ இந்திய டீமுக்குப் பயிற்சியாளர் ஐதராபாத்காரர் சையது அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் ரஹீம் சாகிப் என்பாங்க. ஐதராபாத் போலீஸ் டீமை வளர்த்தவர். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் ஈரானை 1-0 என்று ஜெயிச்சு இந்தியா தங்கம் வாங்கினது இவர் பயிற்சியில்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயிச்சு நாலாவது இடத்துக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். பசங்களுக்கு வராத காலில் மட்டும்தான் பந்தை உதைக்கணும்னு சட்டம் போட்டு ஐதராபாத்தில் போட்டியே நடத்தினவர். வலது கால் ஓடினா இடது கால் சும்மா இருக்கக் கூடாது, ஒரே ஆள் ரெண்டு இடத்துக்கு ஆகணும். அதுதான் அவர் நினைப்பு.

1962 ஆகஸ்ட் கடைசியில் ஜகார்த்தாவில் நாலாவது ஆசியப் போட்டி. கால்பந்துக்குப் போனது பதினாறு பேர். கோல்கீப்பர் ரெண்டு பேர்: பீட்டர் தங்கராஜ், பிரத்யுத் பர்மன். பின்னால் நிற்க ஜர்னைல் சிங், அருண் கோஷ், திரிலோக் சிங், கேரளத்து சந்திரசேகர். நடுவில் ராம் பகதூர், பிரசாந்த சின்ஹா, பிராங்கோ. முன்னால் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம், யூசுப் கான், அப்சல், அருமைநாயகம், எதிராஜ். கேப்டன் சுனி கோஸ்வாமி, அப்போ வயசு 24தான். ரெண்டு வருஷம் முன்னால் ரோம் ஒலிம்பிக்கில் கேப்டனா இருந்த பி.கே. பானர்ஜியும் அதே டீமில் இருந்தார்.

தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எதிராஜ் எல்லாம் நம்ம காதுக்குப் பழகின பேருங்க. பலராம் செகந்திராபாத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிரா ஆளுக்கொரு கோல் போட்டவர்.

தங்கராஜ் கதையைக் கொஞ்சம் கவனிக்கணும். இவரும் ஐதராபாத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் டீமில் ஆடினார். அங்கே ஆரம்பத்தில் இவர் கோல்கீப்பரே இல்லை, சென்டர் பார்வர்டு. கோல் போடற ஆளை அப்புறம் கோல் காக்க நிறுத்தினாங்க. ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை. நீலகிரியில் இருந்து போன அந்தப் பட்டாள டீம் 1955இலும் 1958இலும் டியூராண்ட் கோப்பையைத் தூக்கிட்டு வந்தது. 1958இல் ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர்னு தங்கராஜுக்குப் பேர் வந்தது. இடம் மாறினதால் வந்த வாழ்வு அது.

இப்போ ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாகிட்ட 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயிச்சாங்க. ஆனா அந்த ஆட்டத்தில் பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாச்சு. திரிலோக் சிங்குக்குக் காலில் காயம். தங்கராஜுக்கும் அங்கே உடம்பு சரியில்லாமல் போச்சு. இன்னைக்கு மாதிரி ஆட்டத்தின் நடுவில் ஆள் மாத்தற வசதியும் அப்போ கிடையாது. உலகக் கோப்பையிலேயே அது 1970இல்தான் வந்தது. இறக்கின பதினோரு பேரோடுதான் கடைசி வரைக்கும் ஓட்டணும்.

ஜப்பானை 2-0 என்று தாண்டி செமி பைனலுக்கு வந்தாச்சு. எதிரே தென் வியட்நாம். இங்கேதான் ரஹீம் யாரும் எதிர்பார்க்காத வேலை செஞ்சார். தலையில் கட்டுப் போட்ட பேக் ஜர்னைலை முன்னால் கொண்டுபோய் சென்டர் பார்வர்டா நிறுத்தினார். ஜர்னைல் நின்ன இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கிட்டார். யோசிச்சுப் பார்த்தா அதில் ஞாயம் இருக்கு. தலையில் தையல் உள்ளவன் பின்னால் நின்னா உயரமா வர்ற ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்டித் தள்ளணும். அங்கே தயங்கினா கோல் விழும். முன்னால் நின்னா அந்தத் தயக்கம் அவ்வளவு கெடுதல் இல்லை, உடம்புப் பலமும் வீணாகாது. அந்த ஆட்டம் 3-2 என்று முடிஞ்சது. சுனி ரெண்டு கோல், ஜர்னைல் ஒண்ணு. கோல் காத்தது பர்மன்.

பைனல் செப்டம்பர் 4, மறுபடியும் தென்கொரியா. அதுக்குள்ளே தங்கராஜ் எழுந்து உட்கார்ந்துட்டார். இப்போ ரஹீம் முன்னால் ஒரே கேள்வி. டீமை பைனல் வரைக்கும் கொண்டுவந்து விட்ட பர்மனா, படுக்கையிலிருந்து எழுந்து வந்த தங்கராஜா? பர்மன் ஒரு தப்பும் செய்யலை. ஆனா கொரியாக்காரங்க ஏற்கெனவே ஒரு தடவை ஜெயிச்சவங்க. உயரமா பந்தைத் தூக்கிப் போட்டு ஆடறவங்க. அந்தப் பந்தை மேலேயே பிடிக்கிற கை வேணும். ரஹீம் தங்கராஜைச் சொன்னார். பர்மன் வெளியே உட்கார்ந்தார்.

அன்னைக்கு ஊர் நிலவரமும் நல்லா இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குக் கூப்பிடாததை இந்தியாவைச் சேர்ந்த ஜி.டி. சோந்தி கேள்வி கேட்டதால் இந்தோனேசியாவில் நம்ம மேல் கோபம். பைனலுக்கு முந்தின நாள் இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கினது. செனாயன் மைதானத்தில் லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிரா சத்தம். ஆதரவாக் கை தட்டினது பாகிஸ்தான் ஹாக்கி டீம்தான்!

17ஆவது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிஷத்தில் ரெண்டாவது கோல், போட்டது தலைக்கட்டு ஜர்னைல். கொரியா கடைசியில் ஒண்ணு போட்டது, அதோட சரி. 2-1, தங்கம். ஆசியப் போட்டியில் ஆண்கள் கால்பந்துக்கு அதுக்கப்புறம் நமக்குத் தங்கமே இல்லை.

ரஹீமுக்கு அப்பவே புற்றுநோய். 1963 ஜூன் 11இல் போய்ச் சேர்ந்துட்டார், வயசு 53. பலராமும் நெஞ்சு நோவால் அடுத்த வருஷமே ஆட்டத்தை நிறுத்திட்டார். அவர் 2023 பிப்ரவரியில் காலமானபோது நம்ம ஊர்ப் பசங்களுக்கு அந்தப் பேரே தெரியலை. தங்கராஜுக்கு 1967இல் அர்ஜுனா விருது கிடைச்சது. 2008இல் பொகாரோவில் இறந்தார்.

இப்போ நடக்கிறதையும் பாருங்க. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டிக்கு டீம் எடுத்தப்ப, யாரை எந்த இடத்தில் நிறுத்தலாம்னு கேட்கவே நேரமில்லை. எந்த கிளப் எந்த ஆளை விடும்ங்கிறதே கேள்வியாப் போச்சு. ஐஎஸ்எல் தொடங்கற நேரம் அது. பேர்ப்பட்டியல் மாறிக்கிட்டே இருந்தது, முகாம்னு ஒண்ணு சரியா நடக்கலை. ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் போய் இறங்கினாங்க. செப்டம்பர் 19இல் சீனாகிட்ட 1-5. அப்புறம் வங்கதேசத்தை ஜெயிச்சு, மியான்மரோடு சமன் செஞ்சு அடுத்த சுற்றுக்குப் போய், சவுதிகிட்ட 0-2 என்று வெளியே வந்தாங்க. பசங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஒருத்தனை இடம் மாத்தி நிறுத்தணும்னா முதலில் அவனைப் பக்கத்தில் வச்சுப் பார்க்கணும். ரஹீம் ஜர்னைலை வருஷக்கணக்காப் பார்த்தவர், அதனால்தான் ஒரே ராத்திரியில் முன்னால் அனுப்ப முடிஞ்சது. மண்ணைத் தெரியாமல் விதை மாத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

நேத்து சாயங்காலம் தம்பி மகனைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பர்மன் தப்புச் செஞ்சு வெளியே உட்காரலை, அந்த ஒரு ஆட்டத்துக்கு வேற கை தேவைப்பட்டதுன்னு சொன்னேன். செமி பைனலில் அவர் நிக்கலைன்னா தங்கராஜுக்கு நிற்க பைனலே இருந்திருக்காதுன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.

"பர்மனுக்கும் மெடல் குடுத்தாங்களா பெரியப்பா?"

"டீமுக்குத்தானடா தங்கம், அவரும் டீம்தானே" என்றேன்.

கேப்டன் பையன்கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். உயரமானவனை நிறுத்து, வேண்டாம்னு சொல்லலை. ஆனா இவனை நீயே கூப்பிட்டு ஏன்னு காரணத்தைச் சொல்லு. அப்படியே ஒரு நாள் முன்னால் நிறுத்தியும் பாரு, இவன் ஓட்டம் எனக்குத் தெரியும். சரிங்க மாமான்னு தலையாட்டினான். இன்னைக்குச் சாயங்காலம் காட்டுக்குப் போய்ப் பார்க்கணும்.