மாணவப் பருவம் முதல் போர்க்களம் வரை: அமர்சிங் நாட்குறிப்புகள்

நாட்குறிப்பினை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் மரபு தமிழுலகிற்குப் புதியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக மதிக்கப்பெறுகின்றது. அவர் வணிகர், போரை அரசவையிலிருந்து கண்டவர். படையில் பணியாற்றிய இந்தியர் ஒருவர் தம் இளமை தொட்டு நாள்தோறும் எழுதிய குறிப்புகள் கிடைப்பது மிக அரிது. அவ்வகையில் முதலிடம் பெறுவன இராசபுத்தானத்தைச் சேர்ந்த அமர்சிங்கின் நாட்குறிப்புகள் எனலாம்.

செய்ப்பூருக்கு அருகிலுள்ள கானோதா என்னும் ஊரின் குறுநிலக் குடும்பத்தில் 1878இல் பிறந்தவர் அமர்சிங். சிறுவயதிலேயே சோத்பூருக்கு அனுப்பப்பெற்று, சர் பிரதாப்சிங்கின் மேற்பார்வையில் வளர்ந்தார். 1898 செப்டம்பரில், தம் இருபதாம் அகவையில், ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1942 நவம்பர் முதல் நாள் இறக்கும்வரை அப்பழக்கம் நீடித்தது. நாற்பத்துநான்கு ஆண்டுகள், கட்டமைக்கப்பெற்ற 89 பெருந்தொகுதிகள். அவற்றுள் 1898 முதல் 1905 வரையிலான பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, சூசன் ருடால்ஃப், லாயிட் ருடால்ஃப் ஆகியோர் அமர்சிங்கின் மரபினரான மோகன்சிங் கானோதாவுடன் இணைந்து 2000இல் நூலாக்கினர். 1905 முதல் 1921 வரையிலான படைவாழ்க்கையை டிவிட் எலின்வுட் 2005இல் தனிநூலாக ஆராய்ந்தார்.

இளமைக்காலக் குறிப்புகளில் ஆசிரியர் இராம்நாத்ஜியின் செல்வாக்கு மிகுதி. மாணவர் எழுதியதை ஆசிரியர் படித்ததும் உண்டு. ஓரத்தில் கருத்துரைத்ததும் உண்டு. ஆகவே இதனை முற்றிலும் அந்தரங்க எழுத்தென்று கொள்வதற்கில்லை. ஒருவர் படிப்பார் என்ற எண்ணம் எழுதுபவரைச் சற்று ஒழுங்குபடுத்தவே செய்யும். ஆயினும் படித்தவர் ஆட்சியாளர் அல்லர், தம்மவர் என்பது கருதத்தக்கது.

1900இல் சீனத்தில் பாக்சர் கிளர்ச்சியை அடக்கச் சென்ற பன்னாட்டுப் படைகளுள் சோத்பூர்க் குதிரைப்படையும் ஒன்று. அமர்சிங் அதனுடன் சென்றார். இந்திய அலுவலர் எத்துணைப் பட்டறிவு பெற்றவராயினும், புதிதாய் வந்த ஆங்கில இளம் அலுவலருக்கும் கீழ்ப்பட்டவரே என்பது அக்காலப் படைநெறி. குலப்பெருமையும் குதிரையேற்றத் திறமும் உடைய இளைஞர்க்கு இது உறுத்தலாக அமைந்ததில் வியப்பில்லை.

இவ்வுறுத்தலுக்கு மருந்தாகக் கருதப்பட்டதே வைசிராய் கர்சன் ஏற்படுத்திய இம்பீரியல் கேடட் கோர். இந்திய அரச குடும்பத்தாருக்கும் உயர்குடியினருக்கும் படைப்பயிற்சி அளிப்பதற்காக 1902இல் தொடங்கப்பெற்ற இவ்வமைப்பில் அமர்சிங் முதல் அணியிலேயே சேர்ந்தார். மீரட்டிலும் டேராடூனிலும் பயின்ற அந்நாள்களின் குறிப்புகள் நாட்குறிப்பின் செழுமையான பகுதியாகும். உடன்பயின்ற இளவரசர்களின் சோம்பலும் பொழுதுபோக்கும், ஆளும் மன்னர்க்கும் பிற உயர்குடியினர்க்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் அவற்றில் இடம்பெறுகின்றன. 1905இல் அவர் பெற்ற ஆணைப்பத்திரமோ இந்திய நிலப்படைக்கென்றே தனியே வகுக்கப்பட்டது. ஆங்கில வீரர்மீது அதிகாரம் செலுத்தும் உரிமை அதில் இல்லை. பட்டம் உண்டு, படை இல்லை. மோவ் நகரில் தளபதி ஓமோர் கிரேயின் துணையலுவலராக அமர்த்தப்பெற்று, 1914 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் அவ்வூரிலேயே கழித்தார்.

முதல் உலகப்போரில் சிர்ஹிந்த் படைப்பிரிவின் தலைவருக்குத் துணையலுவலராகப் பிரான்சு சென்றார். 1914 டிசம்பர் 20 அன்று கிவாஞ்சி முனையில் செருமானியர் சுரங்க வெடிகளை வைத்துத் தாக்கியது இப்படைப்பிரிவைத்தான். எனினும் அமர்சிங் பதுங்குகுழி வீரர் அல்லர், தலைமையகத்தில் இருந்தவர். எளிய சிப்பாயின் குளிரையும் அச்சத்தையும் அவர் குறிப்புகளில் முழுமையாகத் தேடுதல் பொருந்தாது. சிப்பாய்களின் குரலை அறியத் துணைபுரிவன பிரான்சிலிருந்து அவர்கள் எழுதிய மடல்களே. அவையும் பெரும்பாலும் பிறரைக்கொண்டு எழுதுவிக்கப்பட்டவை; தணிக்கையாளர் கைப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகளாக எஞ்சியவை. மெசபொடேமியாவில் பணிபுரிந்த மதராஸ் சாப்பர்ஸ் படையின் தமிழ், தெலுங்கு வீரர்கள் குறித்துப் படைப்பிரிவு வரலாறு பேசுகின்றது. அதில் செயல் உண்டு; செய்தவனின் மனம் இல்லை. மனம் பேசும் இடத்தில் வர்க்கத்தால் உயர்ந்தவரின் மனமே பேசுகின்றது என்பதை மறவாது அமர்சிங்கைப் படித்தல் வேண்டும்.

1917 ஆகஸ்டில் இந்திய நிலப்படையைச் சேர்ந்த ஒன்பதின்மர்க்கு மன்னராணை (கிங்ஸ் கமிஷன்) வழங்கப்பெற்றது. அவருள் அமர்சிங்கும் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த உரிமை, போர் ஆள்களை விழுங்கிய பின்னரே கிட்டியது. 16ஆம் குதிரைப்படையில் சேர்ந்து வசீரிஸ்தானில் பணியாற்றிய காலத்தில் ஆங்கிலேய உயரலுவலருடன் பிணக்கு நேர்ந்தது. இந்தியப் படையைவிட்டு அவர் விலகினார். பின்னாளில் எழுதப்பெறும் தன்வரலாறாயின் இம்முடிவு திடீரென நேர்ந்த கசப்பாகவோ பெருந்தன்மையான ஓய்வாகவோ காட்சியளித்திருக்கும். நாட்குறிப்பில் அதன் வேர் சீனத்திலேயே தென்படுகின்றது. இடைப்பட்ட இருபதாண்டுகளிலும் வெளியில் அவர் மாறா விசுவாசமுள்ள அலுவலர். பேரரசைப் போற்றியதும் அதன் அவமதிப்புகளைக் குறித்துவைத்ததும் ஒரே கைதான். இவற்றுள் ஒன்றை வேடமென்றும் மற்றதை உண்மையென்றும் பிரிக்க நாட்குறிப்பு இடந்தருவதில்லை.

படையைவிட்டு விலகியவர் செய்ப்பூர் அரசின் குதிரைப்படையை உருவாக்கி, அவ்வரசின் படைத்தலைவராக உயர்ந்து 1936இல் ஓய்வுபெற்றார். ஐரோப்பாவில் ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன் அவர் கண்ட போரினும் பெரிய போர் ஆசியாவையும் சூழ்ந்திருந்த 1942இல், 89ஆம் தொகுதியோடு அவர் எழுத்து நின்றது.