தனித்தறியில் நெய்தவர்: ஏ. கே. செட்டியார்

காஞ்சிபுரம் வட்டாரத்து நெசவில் இருவகைப் பிழைப்பு உண்டென்பது ஏனாத்தூர் வாசகர் அறிந்ததே. முதலாளி தரும் பாவையும் ஊடையையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் ஒருவகை. கடன்பட்டேனும் தம் பொறுப்பில் பட்டு வாங்கி, நெய்த சேலையைத் தாமே விற்பவர் மற்றொரு வகை. பின்னவருக்கு உரிமை மிகுதி. சேலை விலைபோகாத மாதத்தில் உலை ஏறுவது எவ்வாறு என்னும் கவலையும் அவருக்கே உரியது.

எழுத்துத் தொழிலிலும் இப்பாகுபாடு உண்டு. ஒருவரே எழுதி, படம் பிடித்து, குரல் சேர்த்து, வணிகத்தையும் தொழில்நுட்பத்தையும் மக்களுக்கு எடுத்துரைத்து, எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலிலும் இடம்பெறாமல் வாழ்வதை இன்று பிறந்த புதுத்தொழிலாகப் பலர் கருதுகின்றனர். தமிழில் அதற்கு 1930களிலேயே ஒரு முன்னோடி இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார் என்னும் ஏ. கே. செட்டியாரே அவர்.

அவருடைய இதழியல் பயிற்சிக்களம் வணிக இதழாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே, இரங்கூனிலிருந்து வெளிவந்த நகரத்தார் இதழான ‘தனவணிகன்’ அவர் பொறுப்பில் இருந்தது. காலமோ உலகப் பொருளாதார மந்தம் கவிந்திருந்த காலம். நெல் விலை சரியவே, கீழ்ப் பர்மாவின் உழவர்கள் வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாது போயினர். ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. 1930இல் முதன்மை நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நகரத்தாரிடம் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று. பணமாக வர வேண்டியது நிலமாக வந்ததை வெற்றி என்று எண்ணியோர் உண்டு. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்நிலங்களின் கதி என்னாயிற்று என்பதை நாடறியும். கணக்கேட்டின் ஓரங்களில் மனிதரின் விதி எழுதப்படுவதை அவ்வூரில் கண்ட இளைஞர், பிற்காலப் பயண நூல்களில் சிறு சிறு வாக்கியங்களால் உலகைக் காட்டிவிட்டுத் தம்மை மறைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

பேனா மட்டும் போதாதென்று கருதிய அவர் 1935இல் தோக்கியோ சென்று ஒளிப்படக் கலை பயின்றார். 1937இல் நியூயார்க்கில் அப்பயிற்சியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அடிகளின் பிறந்த நாள் அது.

எண்ணம் எளிது; பொருள் எங்கே? ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்ற பெயரில் அவர் ஒரு நிறுவனமே அமைக்க வேண்டியதாயிற்று. நகரத்தார் குடியின் தொடர்புகள் அவருக்குத் துணை நின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தகைய துணை எல்லா எழுத்தாளர்க்கும் வாய்ப்பதன்று. அறிவியலைத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புசுவாமிக்கு வழக்கறிஞர் தொழில் கைகொடுத்தது. தனித்து எழுதியவர் என நாம் போற்றுவோரின் பின்னே இப்படி ஏதோ ஓர் ஊன்றுகோல் இருந்தே வந்துள்ளது. அதனை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது.

ஏறத்தாழ 1 இலட்சம் மைல் பயணம், நான்கு கண்டங்கள். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளை அவர் தேடித் திரட்டினார். அதைத் திரையில் ஓடவிட்டால் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடும். அதனை 12,000 அடியாக, அதாவது இரண்டேகால் மணி நேரமாகச் சுருக்கித் தொகுத்தார். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நாடா ஓடும். இரண்டும் சேருமிடத்தில் இழை பிசகாதிருக்கப் பக்கத்தில் ஓர் ஆள் அமர்ந்து கைகொடுப்பார். இங்கோ நூறு கைகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாமல் ஓட்டிய இழைகள்! படம் 1940 ஆகஸ்டு 23இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கிலும், 1947இல் விடுதலையை ஒட்டி இந்தியிலும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று.

1943இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ அளவிற் சிறிய இதழே. எனினும் பழைய இதழ்களில் புதைந்து கிடந்த அரிய எழுத்துகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சேற்றும் பணியை அது செய்தது. முன்னோர் எழுதிய பயணக் குறிப்புகளைத் திரட்டி அவர் 1968இல் வெளியிட்ட ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பு அப்பணியின் நீட்சியாகும். 1983இல் அவர் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பதாண்டுகள், ஒருவர் உழைப்பில் ஓர் இதழ் நின்றதென்பது பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் எந்த இலக்கிய வட்டமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறர் எழுத்தை இவ்வளவு காத்தவரின் பெரும்படைப்பைக் காக்க எவரும் இல்லை என்பதே இவ்வரலாற்றின் நெருடல். அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, முடிவில் பொடியாகும். குளிர்பதன அறையும் அதைப் பேணும் அலுவலரும் தனியொருவருக்கு ஏது? பழைய பட்டுச் சேலையைச் சரிகையின் வெள்ளிக்காக எரிப்பது போல, படச்சுருளிலுள்ள வெள்ளிக்காக அதை எடைக்குப் போட்டோரும் அத்துறையில் உண்டு. செட்டியாரின் தமிழ்ப் படத்தின் முழு வடிவம் தேடியோர் கைக்கு எட்டவில்லை. ஆங்கில வடிவத்தின் படி ஒன்றை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி கடல்கடந்து சான் பிரான்சிஸ்கோவில்தான் கண்டெடுக்க நேர்ந்தது.

படம் உருவான கதையைச் செட்டியார் தம் முதுமையில் ‘குமரி மலர்’ பக்கங்களில் எழுதினார். அவர் மறைந்து இருபதாண்டு கழித்து, 2003இல், அது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாயிற்று. அதன் பக்கங்களைப் புரட்டுபவர், தாம் காண இயலாத ஒரு தமிழ்ப் படத்திற்காக ஒரு மனிதர் எந்தெந்தத் துறைமுகங்களில் இறங்கி, எவரெவர் கதவைத் தட்டினார் என்பதை அறியலாம்.